காக்கைக்கால் அம்பு

வெள்ளிக்கிழமை நிஸ்வாவில் ஆட்டுச் சந்தை கலைந்ததும்
துப்பாக்கிச் சந்தை மெல்ல என் கடைவாசலுக்கு நகரும்.
நான் கடிகாரம் பழுது பார்க்கிறவன்.
பதினேழு வருஷமாய் லென்ஸ் மாட்டி
ஒரு புருவம் மட்டும் தடித்துப்போனவன்.
அந்தக் கண்தான் அவர்களுக்கு வேண்டும்.

தோட்டாவின் அடியில், தொப்பியைச் சுற்றி,
கடுகளவு எழுத்துகள்.
எந்தப் பட்டறை, எந்த வருஷம், எந்த ரகம்.
படித்துச் சொன்னால் இருநூறு பைசா.
தேநீர் அவர்கள் செலவு.

ஒரே நிபந்தனை, தொடமாட்டேன்.
என் அட்டையில் அச்சடித்த தொழிலுக்குள்
தோட்டா வராது.
கைகளைப் பின்னால் கட்டிக் குனிவேன்,
பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் போல.
திருப்பு என்பேன், திருப்புவார்கள்.
இன்னும் கொஞ்சம்.
காந்தம் கொண்டு வருகிறவனை மட்டும் வாசலிலேயே நிறுத்துவேன்,
உள்ளே நாற்பது கடிகாரங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பித்தளையில் பச்சை பூத்திருந்தால் யோசி.
கழுத்தில் மயிரிழை விரிசலா, வைத்துவிட்டுப் போ.
பழைய தொப்பியின் உப்பு துப்பாக்கிக் குழலைத் தின்னும்,
சுட்ட அன்றே வெந்நீர் ஊற்று.
யாரும் எனக்குச் சொல்லித் தந்ததல்ல,
விலைக்குச் சண்டை போடுகிறவர்களிடம்
ஒட்டுக்கேட்டது.

அன்று கல்ஃபான் வந்தார், கூடவே
பிஸ்கட் டப்பாவோடு பலூச்சி ஷம்பே.
டப்பாவில் அறுபது. முந்நூற்று மூன்று.
முதலாவதைத் திருப்பினார் கல்ஃபான்.
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வளையம்,
கே, எஃப், நாற்பத்து மூன்று,
நடுவில் காக்கைக்கால் போல ஓர் அம்பு.

"ஹிந்த்" என்றேன். "பூனா பக்கம், கிர்க்கி."
"உன் ஊரா?"
என் ஊர் சாத்தூர்.
அங்கிருந்து பூனாவுக்கு
மஸ்கட்டுக்கு வருவதைவிட அதிக நேரமாகும்.
இதை அரபியில் சொல்லத் தெரியாமல்
ஆமாம் என்றுவிட்டேன்.

இருபதாவதில் காது நின்றது.
மற்றவை ஆட்டினால் உள்ளே
ஈர்க்குச்சி உரசும். இது ஊமை.
தங்கம் நிறுக்கும் தராசைப் பக்கத்துக் கடையில் வாங்கி வந்தேன்.
அவரே வைத்தார், அவரே எடுத்தார்.
இருபத்தைந்து கிராம்.
இருபத்தைந்து.
இருபத்தைந்துக்குக் கொஞ்சம் குறைய.
இருபத்திரண்டரை.

"மருந்து இல்லை" என்றேன் தமிழில், வாய் தவறி.
பட்டாசுக்காரர்கள் ஊரில் பிறந்த வாய்.
இருமலுக்கும் அதே சொல், இதற்கும் அதே சொல்.
யாரோ குண்டைப் பிடுங்கி
உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு
திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள், அழகாக.

பதினொன்று அப்படி.
ஷம்பே பேசவில்லை. காது மட்டும் சிவந்தது.
தானே பொறுக்கித் தனியாக வைத்தார்,
பந்தியில் கெட்டுப்போனதை ஒதுக்குவது போல.

கல்ஃபான் இரண்டு குவியலையும் பார்த்தார்.
பிறகு, சரியான நாற்பத்தொன்பதை
டப்பாவில் அள்ளிப் போட்டு
ஷம்பேயின் பக்கம் தள்ளினார்.
பதினொன்றுக்கும் முழு விலை எண்ணினார்.

மகனுக்கு மாசக் கடைசியில் கல்யாணம்.
இடுப்பு வாரில் தோட்டா வரிசை வேண்டும், அது வழக்கம்.
போன மாசம் பேரன்
ஒன்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தானாம்.
"பச்சையாக இருந்தால் என்ன, எலுமிச்சை போட்டுத் தேய்ப்பேன்."

அப்போதுதான் ஒன்று மேசையில் உருண்டது.
விளிம்புவரை போனது.
பதினேழு வருஷம், கடிகாரத் திருகுகள்
தரையில் விழவிடாத கை.
யோசிக்கும் முன் பிடித்துவிட்டது.

கல்ஃபான் கூரையைப் பார்த்தார்.
ஷம்பே தெருவைப் பார்த்தார்.
தெருவில் ஆடு வாங்கியவன் ஒருவன்,
ஆட்டோடு மல்லுக்கட்டி.

லேசானதா, கனத்ததா
கைக்குத் தெரியவில்லை.
குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.
எங்களைப் போலக் கப்பலேறி வந்து
யாரையும் சுடாமலே வயசானது.
மேசையில் வைத்தேன்.

இருநூறு பைசா கேட்கவில்லை, அவர் ஒரு ரியால் வைத்தார்.
மாலையில் ஒரு பெண்கடிகாரத்தைத் திறந்தபோது
விரலில் பித்தளை வாசனை.
சோப்புப் போட்டேன்.
இரண்டு தரம்.